ஆரஞ்சு மேலங்கி அத்தாட்சி ஆகுமா?

பொந்தியான் மாவட்டத்தில் இரயில் தண்டவாளம் கிடையாது. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. ஆயினும், அங்குச் செல்லச் சாலைதான் வழி. இரயில் ஏற விரும்பும் பொந்தியான் மக்கள் கூலாய்க்கோ ஜொகூர் பாருவுக்கோ போக வேண்டும். கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரத்திற்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டு, 2025 டிசம்பரில் இடிஎஸ் இரயில் ஜொகூர் பாரு வரை வரத் தொடங்கியது. தண்டவாளத்தைப் பார்த்துப் பழகாத மாணவர்களும் இனி அதன் அருகே நிற்கப் போகிறார்கள்.

அவர்கள் கண்ணில் இப்படியொரு காட்சி படக்கூடும். நிலையத்திற்குச் சற்று அப்பால், வேலிக்கு உள்ளே, மூன்று பேர் குனிந்து கேபிள் செல்லும் கால்வாயின் மூடியைத் தூக்குகிறார்கள். அவர்கள் இரயில்வே பணியாளர்களா, செம்புக் கம்பி திருட வந்தவர்களா?

இது வீண் ஐயமன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் கேபிள் திருட்டால் கொமுட்டர் இரயில்கள் பலமுறை தாமதமாகியிருக்கின்றன. சமிக்ஞைக் கேபிள் அறுந்தால் விளக்கு பச்சையாக நிற்காது. பாதுகாப்பு கருதிச் சிவப்புக்கு மாறும்படியே அது அமைக்கப்பட்டுள்ளது. உடனே இரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். கட்டுப்பாட்டு மையம் ஒவ்வோர் இரயிலுக்கும் தனித்தனியே அனுமதி தந்து, மெதுவாக நகர்த்த வேண்டும். திருடுபவருக்கோ பழைய இரும்புக் கடையில் கொஞ்சம் பணம் கிடைக்கும். அதுவும் உயிரோடு திரும்பினால்தான். மேலே செல்லும் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரம். தொடாமல் நெருங்கினாலே அது தாக்கிவிடும்.

முன்பு இக்கேள்விக்கு விடை எளிதாக இருந்தது. 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே நாட்டின் முதல் இரயில் ஓடிய காலந்தொட்டு, தண்டவாளம் போடுவதிலும் அதைப் பராமரிப்பதிலும் தமிழர்களின் உழைப்பு மிகுதியாக இருந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை மைல் என்று எல்லை உண்டு. அக்குழுவினர் தண்டவாளத்திற்கு அருகிலேயே இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தனர். அவர்களின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தனர். சம்மட்டியும் கடப்பாரையுமாக நடந்து வருபவர் யார் வீட்டுத் தாத்தா என்று ஊருக்கே தெரியும். புதிய முகம் வந்தால் அன்றைக்கே பேச்சாகிவிடும்.

இன்று பல வேலைகளைக் குத்தகை நிறுவனங்கள் செய்கின்றன. அவற்றின் தொழிலாளர்கள் இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். இரயில் ஓடாத நள்ளிரவிலும் வேலை நடக்கும். முகத்தைக் கொண்டு ஆளை அறியும் வழி இல்லாமற் போனதால், பார்ப்பவர்கள் உடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆரஞ்சு மேலங்கியும் தலைக்கவசமும் இருந்தால் பணியாளர், இல்லையென்றால் திருடர்! வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மேலங்கி எந்த ஹார்ட்வேர் கடையிலும் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் ஏமாறுகிறார்கள்.

இதைவிட மோசமானது இன்னொரு வகைத் தீர்ப்பு. வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்த தொழிலாளி, அழுக்குச் சட்டையும் புரியாத மொழியுமாகத் தண்டவாளத்தருகே நின்றால், அவர் மீதே முதலில் சந்தேகம் விழுகிறது. சிலர் கைப்பேசியில் படம் பிடித்து, "திருடனைப் பாருங்கள்" என்று பரப்பிவிடுகிறார்கள். அவர் உண்மையான பணியாளர் என்று மறுநாள் தெரிய வந்தாலும், அச்செய்தியை யார் பரப்பப் போகிறார்கள்? தாத்தாவும் பாட்டனாரும் கப்பலில் வந்து, மொழி தெரியாத நாட்டில் தண்டவாளம் போட்ட சமூகம் இது. தோற்றத்தையும் மொழியையும் வைத்து ஒருவரைக் கள்வர் எனச் சொல்ல அதற்குச் சற்றும் நியாயமில்லை.

உடையைவிட வேலைமுறை நல்ல சான்றுதான். முறையாக வேலை செய்யும் குழுவில் ஒருவர் குனியாமல், இரயில் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்தால் ஊதல் ஊதி மற்றவர்களை விலகச் செய்வார். குழுவினர் யாரையும் கண்டு ஒளிய மாட்டார்கள். ஆனால், இதையும் முழுமையாக நம்ப முடியாது. கேபிளை வெட்டிச் சுருட்டுபவர் திருடராக இருக்கலாம். பழைய கேபிளை மாற்ற வந்த பணியாளராகவும் இருக்கலாம். வேலிக்கு வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

உண்மையில், அந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். தண்டவாளத்தில் யாரும் நினைத்த நேரத்தில் இறங்கி வேலை செய்வதில்லை. எந்தக் குழு, எந்த இடத்தில், எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஆகவே, பார்த்தவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதே இல்லை. பார்த்ததைச் சொன்னால் போதும். இரயில்வே துணைப் போலீசார் அனுமதி விவரத்தோடு ஒப்பிட்டு உண்மையை அறிந்துகொள்வார்கள். வீணாக ஒருவருக்குத் தொல்லை கொடுப்பதாகாதா என்று சிலர் தயங்குகிறார்கள். அனுமதியோடு வேலை செய்பவருக்கு இந்த விசாரணையால் ஓரிரு நிமிடங்களே செலவாகும். கூட்டம் கூடி மிரட்டுவதைக் காட்டிலும், படம் எடுத்துப் பரப்புவதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

நேரில் போய் விசாரிக்கும் வீரம் மட்டும் கூடவே கூடாது. வேலியைத் தாண்டுவதே சட்டப்படி குற்றம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரயில் ஒரு வினாடியில் ஏறக்குறைய 39 மீட்டரைக் கடந்துவிடும். உள்ளே இருப்பவர் திருடராக இருந்தால் அவர் கையில் வெட்டுக்கருவியும் இருக்கும்.

வெளியில் நின்றபடியே நிலையப் பணியாளரிடம் சொல்லலாம். அருகில் யாரும் இல்லையென்றால் 999 எண்ணை அழைக்கலாம். எந்த இரு நிலையங்களுக்கு இடையே, தண்டவாளத்தை ஒட்டிய கல்லிலோ கம்பத்திலோ உள்ள எண் என்ன, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், வாகனம் இருந்தால் அதன் பதிவு எண் ஆகிய விவரங்கள் உதவும். "திருடர்கள்" என்ற சொல் அந்த அழைப்பில் தேவையில்லை. "மூன்று பேர் கேபிள் மூடியைத் திறக்கிறார்கள்" என்பதே போதுமானது.