சும்மா இருக்கிற ராத்தா

டொல்பின் பார்க்கத்தான் கண்டக்குழிக்குப் போனோம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். செமஸ்டர் விடுமுறையில் எங்கள் பட்ச் பெண் பிள்ளைகள் நாலு பேர், அங்கேயே பிறந்து வளர்ந்த தோழியோடு கிளம்பி, அவளுடைய ராத்தா வீட்டில் ஏழு நாள் தங்கினோம். கற்பிட்டிப் பக்கம் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றுலாப் போஸ்டரில் இருப்பதுதான்: பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர், பாய்கிற டொல்பின், ஒல்லாந்தர் கோட்டை. டொல்பினை ஒரே காலையில் பார்த்து முடித்துவிட்டோம். மிச்ச நாளெல்லாம் பார்த்தது ராத்தாவை.

போன அன்று இரவு, மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டோம்: "ராத்தா என்ன செய்றீங்க?"

"நானா? நான் சும்மாதான் மகள் வீட்டுல இரிக்கிறன்."

இந்தக் கட்டுரை அந்தச் 'சும்மா'வோடு ஒரு சண்டை.

ராத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, நடுவிலானுக்கு நாலு, கடைக்குட்டிக்கு ஒன்றரை. மச்சான் கடலுக்குப் போகிறவர். சுபஹுக்கு முன்னமே அடுப்பு எரியத் தொடங்கும். திங்கட்கிழமை மூத்தவளின் வெள்ளைச் சட்டை தோய்ப்பு, கிணற்றில் அள்ளிய தண்ணியில். செவ்வாய் கிளினிக்: கைக்குழந்தை இடுப்பில், நாலு வயதுக்காரன் விரலில், வெயிலில் வரிசை. புதன் நடுவிலானுக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்ற பயத்தில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டம், இரவு முழுக்க நெற்றியில் ஈரத் துணி. வியாழன் லோன் கூட்டம். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய காசு, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டினார். வெள்ளி பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டுவிடும், ஜும்ஆவுக்கு முன் எல்லாருக்கும் சமையல் முடிய வேண்டும். சனி முன்பள்ளிக் கூட்டம், மச்சானின் தாய் வீட்டில் ஒரு நோயாளி, அங்கே ஒரு சட்டி சோறு. ஞாயிறு கருவாட்டுக்கு மீன் வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்தார். அதில் வருகிற சில்லறைதான் ராத்தாவின் 'சொந்தக் காசு'. இதெல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் தனியான வேலை. மூன்று நேரச் சாப்பாடு, பால், பீ மூத்திரம், குளிப்பாட்டு, ஓதப் பள்ளிக்கு அனுப்புவது, சண்டை தீர்ப்பது, நித்திரையாக்குவது எல்லாம் ஏழு நாளும் பொதுவானவை. அந்தக் கிழமை முழுக்க ராத்தா சூடாக ஒரு பிளேன்டீ குடித்ததை நாங்கள் பார்க்கவில்லை.

இதற்குப் பெயர்தான் சும்மா.

மச்சானின் வேலை லேசு என்று நாங்கள் சொல்லவில்லை. இருட்டில் போய் வெயிலில் வருகிற வேலை, காற்று மாறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. படகு கரைக்கு வந்ததும் தராசு வருகிறது. மீனை நிறுக்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். விலை அநியாயமாக இருக்கலாம், ஆனாலும் விலை என்று ஒன்று உண்டு. வலை காயப்போட்ட பிறகு அவர் படுக்கலாம், சந்திக்குப் போகலாம்; யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ராத்தாவின் வேலையிலும் ஒரு தராசு இருக்கிறது. கிளினிக் தராசு. அதில் பிள்ளையை நிறுத்து, கார்டில் புள்ளி வைத்து, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இந்த நாட்டின் குடும்பநல மாதுக்களையும், 1973 முதல் கொடுபடுகிற திரிபோஷாவையும் நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஏழை நாடாக இருந்தும் எங்கள் பிள்ளைகள் பிழைத்ததற்கு அவை பெரிய காரணம். ஆனால் கோடு ஏறினால் 'பிள்ளை நல்லா வளருது'. கோடு இறங்கினால் "என்ன உம்மா, பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறல்லையா?" வாப்பாவைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. பிள்ளையின் நிறைக்குக் கணக்கு உண்டு, அந்த நிறையை உண்டாக்கிய உழைப்புக்குக் கணக்கு இல்லை.

கணக்கு இல்லை என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் தொழிற்படை ஆய்வை எடுத்துப் பாருங்கள். இலங்கையில் வேலை செய்கிற வயதிலுள்ள ஆண்களில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் தொழிற்படையில் இருக்கிறார்கள். பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதிப் பெண்கள் எங்கே? 'பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர்' என்ற பெட்டிக்குள். வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு என்று சொன்னவர்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் போகிறார்கள். ராத்தா 'சும்மா' என்று வெட்கத்தோடு சொன்னதை அரசாங்கம் படித்த தமிழில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். யார் எத்தனை மணித்தியாலம் எந்த வேலைக்குச் செலவழிக்கிறார்கள் என்று இந்த நாட்டில் முதன்முதலாகத் தேசிய அளவில் கேட்டது 2017 இல். சுதந்திரம் கிடைத்து 69 வருஷம் கழித்து!

இனி வேடிக்கையைப் பாருங்கள். இதே ராத்தா நாளைக்கு குவைத்துக்கோ சவூதிக்கோ போய், இன்னொரு வீட்டில், இன்னொருவரின் மூன்று பிள்ளைகளுக்கு இதே சோற்றைப் பிசைந்து ஊட்டினால் அது தொழில். சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, நாட்டுக்கு அந்நியச் செலாவணி உண்டு. விமான நிலையத்தில் 'நாட்டின் வீராங்கனை' என்று பேச்சும் உண்டு. அதே கை, அதே வேலை. கண்டக்குழியில் செய்தால் பூச்சியம், கடலுக்கு அந்தப் பக்கம் செய்தால் டொலர். பிள்ளை வளர்ப்பது உழைப்பா இல்லையா என்பதைப் பிள்ளை யாருடையது என்பதா தீர்மானிப்பது?

அப்படிப் போகவும் விடமாட்டார்கள். 2013 இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகக் கூடாது. அதைவிட மூத்த பிள்ளைகள் என்றால், யார் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு காட்ட வேண்டும். தகப்பன் போனால்? கேள்வியே இல்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு அவர் கட்டாருக்குப் போகலாம், அறிக்கை தேவையில்லை. பிள்ளைக்குத் தேவை தாய், தகப்பன் என்பவர் காசு அனுப்பும் ஆள் என்று அரசாங்கமே எழுதி வைத்த மாதிரி. 2022 இல் நாட்டில் டொலர் முடிந்தது. ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. பிள்ளைகளின் நலனுக்காகத்தான் சட்டம் என்றால், ஒன்பது வருஷத்தில் பிள்ளைகள் மூன்று வயது சீக்கிரமாக வளரத் தொடங்கிவிட்டார்களா?

'அப்ப, பிள்ளைகளை விட்டுட்டுப் போறது சரி எண்டா சொல்றீங்க?' என்று கேட்பீர்கள். இல்லை. போகாமல் இருக்க என்ன செய்து கொடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறோம். தடை போட ஒரு சுற்றுநிருபம் போதும். பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்கு காசு வேண்டும், கட்டடம் வேண்டும், ஒழுங்கான சம்பளத்தோடு ஆள் வேண்டும். அதனால் முதலாவதைச் செய்தார்கள். 1945 இலிருந்து இலவசக் கல்வி என்று பெருமைப்படுகிற நாடு இது, நாங்களும் அதன் பிள்ளைகள்தான். ஆனால் அந்த இலவசம் ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. அதுவரைக்கும் பிள்ளை தாயின் தலையில். நடுவிலானின் முன்பள்ளிக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். 84 நாள் பிரசவ லீவு சட்டத்தில் இருக்கிறது, சரி. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவருக்கும், கருவாடு காயவைக்கிறவருக்கும் அந்த லீவை யார் கொடுப்பது?

இப்போது எங்கள் தோழிக்கு வருவோம். உண்மையில் அவளுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

கடைக்குட்டிக்கு இரண்டு வயதானதும் ராத்தா வெளிநாடு போகப் போகிறார். லோனை அடைக்க வேறு வழி தெரியவில்லை. பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது நாங்களும் இருந்தோம். ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் எங்கள் தோழியின் பக்கம் திரும்பியது. "ஒரு ரெண்டு வருஷம்தானே, படிப்பைப் பிறகு பாக்கலாம்." அவளுக்கு ஒரு நானா இருக்கிறார், வேலை இல்லாமல் வீட்டில். அவருடைய பெயர் யாருடைய வாயிலும் வரவில்லை. மச்சானின் பெயரும் வரவில்லை. அந்த வீட்டில் முதன்முதலாகக் கம்பஸுக்குத் தெரிவானவள் அவள். படிவத்தில் 'பிள்ளைகளைப் பராமரிப்பவர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினால் அரசாங்கத்துக்கும் திருப்தி, வீட்டுக்கும் திருப்தி. ஒரு பெண்ணின் இடத்தை இன்னொரு பெண்ணால் நிரப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அதற்கு அடுத்த ஆளும் தயார். ஒன்பது வயது மூத்தவள் பின்னேரங்களில் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் வயதுப் பொடியன்கள் கரையில் கிரிக்கெட் விளையாடுவார்கள். "மகள் நல்ல பொறுப்பு" என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். நாங்களும் மெச்சினோம். பிறகுதான் உறைத்தது.

'அந்தக் காலத்துல பத்துப் பிள்ளை பெத்தும் வளர்த்தாங்கதானே' என்பவர்களுக்கு: அந்தக் காலத்தில் ஒரு வளவுக்குள் உம்மும்மா, சாச்சி, மாமி, பெரியம்மா என்று ஆறு பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய உழைப்பையும் யாரும் எண்ணவில்லை, அதனால் இலேசாகத் தெரிந்தது. இன்று ஒருத்தி வெளிநாட்டில், ஒருத்தி கார்மென்டில், ஒருத்தி வேறு ஊரில். வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

'தாய்மை புனிதமானது, அதற்குக் கணக்குப் பார்க்கலாமா' என்பவர்களுக்கு: சொர்க்கம் தாயின் காலடியில் என்று நாங்கள் எல்லாரும் சொல்லித்தான் வளர்ந்தோம். அந்தக் காலை ஒரு மணித்தியாலம் நீட்டிக்கொண்டு இருக்க விட்டோமா?

கணக்குப் பார்க்க முடியும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. 1975 ஒக்டோபர் 24 இல் ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். தகப்பன்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. அடுத்த வருஷமே அங்கே சமத்துவச் சட்டம் வந்தது. பக்கத்தில் தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15 இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். அது போதாது; ஆண்களின் கையில் கரண்டியை அது கொடுக்கவும் இல்லை. ஆனாலும் அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்தார்களே, அந்த ஒரு சொல்லுக்காவது இங்கே யாராவது வாய் திறந்திருக்கிறார்களா?

எங்கள் கோரிக்கைகள் பெரிதல்ல. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் அரசாங்கச் செலவில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையமும் முன்பள்ளியும். அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு வாழக்கூடிய சம்பளம். பிள்ளைகளின் பெயரால் வெளிநாட்டுப் பயணத்துக்கு நிபந்தனை என்றால் தாய், தகப்பன் இருவருக்கும் ஒரே நிபந்தனை. இல்லையென்றால் இருவருக்கும் வேண்டாம். கிளினிக்குக்கு வாப்பாமாரையும் கூப்பிடுங்கள். சம்பளமில்லாத வேலையை வருஷாவருஷம் எண்ணுங்கள்.

அரசாங்கத்தைத் திட்டிவிட்டு நாங்கள் நழுவவும் முடியாது. முதல் இரண்டு நாளும் பாயில் இருந்துகொண்டே ராத்தா கொண்டு வந்த தேத்தண்ணியைக் குடித்தவர்கள் நாங்கள், பெண்ணியம் படித்த நாலு பேர். மூன்றாம் நாள்தான் ஒருத்தி எழும்பிக் கோப்பை கழுவினாள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இன்றைக்கும் கூட்டம் முடிந்தால் பொடியன்கள் கதையைத் தொடர்கிறார்கள், நாங்கள் கோப்பைகளைப் பொறுக்குகிறோம். போன சனிக்கிழமை இதைச் சொன்னோம். "சின்ன விஷயம்தானே" என்றார்கள். சின்ன விஷயம் என்றால் செய்வதற்கு என்ன கஷ்டம்?

கடைக்குட்டிக்கு இரண்டு வயதாக இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது. எங்களுக்கு அப்போது பரீட்சை. அடுத்த விடுமுறைக்கும் கண்டக்குழி போகிறோம். இந்த முறை அந்த நானாவோடும் மச்சானோடும் முன்னுக்கு இருந்து பேசத் தீர்மானித்திருக்கிறோம். வயதுக்கு மீறிய பேச்சு என்று ஏச்சு விழும், பரவாயில்லை. இதை வாசிக்கிற நீங்களும் இந்தக் கிழமை வீட்டுக்குப் போனால், யாராவது 'நான் சும்மாதான் இருக்கிறேன்' என்று சொல்லும்போது தலையாட்டிவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டு முடிந்ததும் எழும்பி அதில் பாதியைச் செய்யுங்கள்.