ஒக்டோபர் 30: நம் வீடுகளில் பேசப்படாத நாள்



எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதில் நகை இல்லை. பிறப்புச் சான்றிதழ்கள், பழைய கூப்பன் புத்தகங்கள், பிரஜாவுரிமை மனுவின் மங்கிப்போன பிரதி, இவைதான். லயத்துக் கூரை ஒழுகினால் அப்பாயி முதலில் தூக்குவது அந்தப் பெட்டியைத்தான். அம்மாவும் அப்படியே. எனக்கு அடையாள அட்டை கிடைத்து எத்தனையோ வருடமாகிறது. இன்றும் கிராம சேவகர் முன்னால் நின்றால் உள்ளங்கை வியர்க்கிறது. என் மகள் சிங்களம் பொரிந்து தள்ளுவாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தால், "பிழையா எழுதினா நம்மள அனுப்பிருவாங்களா?" என்று கேட்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தேங்காயை எண்ணிக் குவிப்பது போல. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாயியின் தம்பி இந்தியப் பக்கக் குவியலில் விழுந்தார். தலைமன்னாருக்குக் கோச்சி, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். இரண்டு கடிதம் வந்தது, அதோடு சரி. அப்பாயி அவரைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. தீபாவளிக்கு மட்டும் ஓர் இலை கூடுதலாக விழும். யாருக்கு என்று கேட்டால் அடிதான்.

அதே ஒக்டோபர் 30, இருபத்தாறு வருடம் கழித்து, 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த மாதக் கடைசியில் மன்னாரிலிருந்தும் மற்ற வட மாவட்டங்களிலிருந்தும் துரத்தப்பட்டவர்களோடு சேர்த்து சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவுச் சனம் படகேறிக் கற்பிட்டியில் இறங்கியது. சொந்தக் கடையும் வயலும் வைத்திருந்தவர்கள் ஓலைக் குடிசையில் ஒதுங்கி, வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்தார்கள். புலிகளின் அன்ரன் பாலசிங்கம் 2002இல் கிளிநொச்சியில் அதை ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு வருடம் கழித்து!

நாம் அப்போது என்ன செய்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிலர் சோறு கொடுத்தார்கள். பலர், நான் உட்பட, இவர்கள் வந்ததால்தான் கூலி இறங்கிவிட்டது என்று முணுமுணுத்தோம். கூலியை இறக்கியவர் முதலாளி. அதைத் தொழிற்சங்கக்காரனான நானே மறந்துபோனேன்.

எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிறுமி. உத்தரவு ஒலிபெருக்கியில் வந்தது. இன்றும் லொத்தர் வான் சத்தம் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்தால் கை வேலை அப்படியே நின்றுவிடும். புத்தளத்தில் பிறந்த அவருடைய மகள் வான் வரும்போது ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறாள். ஏன் என்று கேட்டேன். "எங்கட வீட்டில அப்பிடித்தான்" என்றாள்.

புத்தளத்துக்குப் பக்கத்துச் சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த சனம். பேச்சுமொழி போய்விட்டது, பாட்டு மட்டும் நிற்கிறது. வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே பாடுகிறார்கள். நம் பிள்ளைகளின் பயமும் அந்த வகைதான். அர்த்தம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். அங்கே உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைப் பேசவிட்டது. 2015இல் 94 நடவடிக்கைகளைக் கேட்டது. மொழி, சுகாதாரம், கல்வி, நீதி எல்லாம் அதில் உண்டு. அழுதால் ஆறிவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நம் காகிதச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. வியர்க்கிற உள்ளங்கைக்கு அதில் பிரிவு இல்லை. லயக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் வேண்டும். மனநோய்க் கிளினிக்கில் தமிழில் கேட்க ஆள் வேண்டும். தவறணையில் விழுந்து கிடப்பவனைத் திட்டுவதற்கு முன், அவன் அப்பன் எதை மறக்கக் குடித்தான் என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

சங்கத்திடம் நான் கேட்பது சின்ன விஷயம். வரும் ஒக்டோபர் 30 அன்று தோட்டக் கிளைக் கூட்டங்களில் தலைவர்கள் பேச வேண்டாம். கிழவிகள் பேசட்டும், பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். பேசப் பிடிக்காதவர் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். யார் பட்டது பெரிசு என்ற வழக்கு அன்று வேண்டாம். வெங்காயத் தோட்டத்துச் சனத்தையும் கூப்பிடுவோம்.

ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். சரி, வாறன் என்றார். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"மைக் மட்டும் கட்டாதீங்க தம்பி."