மாதிரி ரயில் பாதையும் மின்காவலும்

கரும்பலகையிற் கற்ற மின்னியலைக் கையாற் செய்து தெளிதற்கு மாதிரி ரயில் பாதையைப் போன்ற சாதனம் பிறிதொன்று காண்டல் அரிது. அதனைச் சிறுவர் விளையாட்டென்று இகழ்வார் உளர். ஆயினும், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் 1946ஆம் ஆண்டிலே மாதிரி ரயில் சங்கமொன்றை நிறுவினர். பின்னாளிற் கணினித் துறையிற் பெயர் பெற்றோர் சிலர் அச்சங்கத்தின் மின்கம்பிகளை இணைத்துப் பழகியவரே. ஆதலின், அப்பாதையின் மின்காவலைக் குறித்துச் சில கூறுதல் கல்லூரி மலருக்குப் பொருந்துமென்று கருதுகின்றோம்.

பழைய முறையில், தண்டவாளத்திற் செல்லும் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வண்டியின் வேகத்தை மாற்றினர். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறையோ வேறு. ஜெர்மானிய நிறுவனமாகிய லென்ஸ் வகுத்ததை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கத்தார் 1990களில் இதனைப் பொது நியமமாக்கினர். இம்முறையில் ஏறத்தாழ 15 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்தில் எப்பொழுதும் முழுமையாக நிற்கும். அது நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும். அம்மாற்றங்களின் கால அளவே எஞ்சினுள் இருக்கும் டிகோடருக்குக் கட்டளையாகும். வண்டி ஓடினும் நிற்பினும் பாதையின் வலிமை குறையாது. ஆகவே, தடம் புரண்ட சக்கரமொன்று இரு தண்டவாளங்களையும் இணைத்து ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கின், பூஸ்டரின் ஆற்றலெல்லாம் அங்கே பாயும். 5 ஆம்பியர் பூஸ்டராயின் அது 75 வாட். ஈயம் பற்றவைக்கும் கருவிகள் பலவற்றினும் இது மிகுதி. பிளாஸ்டிக் உருகுதற்கு இவ்வளவு வேண்டா.

இத்தீங்கைத் தடுப்பதே சர்க்யூட் பிரேக்கரின் தொழில். ஆனால் அது அடிக்கடி மின்சாரத்தைத் துண்டிக்கின், அன்பர் பலர் அதன் ஆம்பியர் எல்லையை உயர்த்திவிடுகின்றனர். சிலர் அதனையே நீக்கிவிடுகின்றனர். குரைத்த நாயை அடித்து விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவதை இஃது ஒக்கும்.

அடிக்கடி துண்டிக்கும் காவலினும் ஒருபோதும் துண்டியாத காவலே அஞ்சத்தக்கது என்பது எமது துணிபு. மெல்லிய கம்பியாலும் தளர்ந்த இணைப்பாலும் வழியில் 5 ஓம் தடை சேர்ந்ததாகக் கொள்வோம். அப்பொழுது ஷார்ட் சர்க்யூட்டிலும் 3 ஆம்பியரே ஓடும். 5 ஆம்பியர் எல்லையுடைய பிரேக்கர் அதனைப் பிழையென்றே உணராது. 45 வாட் வெப்பம் கம்பியிலும் இணைப்பிலும் ஓயாது எழுந்துகொண்டிருக்கும். இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நாணயமொன்றைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்தல் வேண்டும். பூஸ்டருக்குச் சேய்மையான மூலைகளிற் சிறப்பாக வைத்தல் வேண்டும். உடனே மின்சாரம் அறுபடின் நன்று. அறுபடாவிடின் நாணயத்தை விரைந்து எடுத்துவிட்டுத் தடித்த கம்பியிடுக. தண்டவாளத்திற்கு இறங்கும் கிளைக்கம்பிகளை மிகுதியாக்குக.

இனி, துண்டித்த பிரேக்கர் மீள மறுக்கின், ஊகத்தை விடுத்து முறையே ஆராய்தல் வேண்டும். முதலில் வண்டிகளை எல்லாம் பாதையினின்று எடுத்துவிடுக. அதன்பின் மின்சாரம் நிலைப்பின் குற்றம் வண்டியினது. ஒவ்வொன்றாக மீள வைத்துக் குற்றமுடையதைக் காண்க. நிலையாவிடின் குற்றம் பாதையினது. பாதையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுக. வண்டி பாயிண்ட்டைக் கடக்கும்போது மட்டும் துண்டிப்பு நேரின், சக்கரங்களின் இடையளவை அளந்து நோக்குக. அது பிழைப்படின் சக்கரத்தின் முதுகு எதிர்முனைத் தண்டவாளத்தை உராயும். வளைந்து தன்னையே வந்து சேரும் பாதையில் வலத் தண்டவாளம் இடத்தோடு கூடுமாதலின், அங்கே இரு தண்டவாளங்களிலும் இடைவெளியும், பிரேக்கருக்கு முந்திச் செயற்படும் திசைமாற்றியும் இன்றியமையாதன. குற்றம் ஏதுமின்றியும் தொடக்கத்திலேயே துண்டிப்பு நேரின், ஒலியெழுப்பும் எஞ்சின்களின் மின்தேக்கிகள் ஒருசேர நிறைவதே காரணமாதல் கூடும். அதற்குப் பாதையைப் பகுதிகளாகப் பிரித்தலும், பிரேக்கரின் கால அவகாசத்தைச் சிறிது கூட்டலுமே பரிகாரம். ஆம்பியர் எல்லையைக் கூட்டுதல் அன்று.

மோட்டார் வண்டியின் பின்விளக்குக் குமிழைத் தொடரில் இணைப்பதே போதுமென்பாரும் உளர். விலை குறைவு, குற்றமுள்ள பகுதியை ஒளியாற் காட்டுதலும் நன்மையே. எனினும் அக்குமிழ் மின்னோட்டத்தை ஏறத்தாழ 2 ஆம்பியருக்கு அடக்குமேயன்றி நிறுத்துவதில்லை; தானும் தொடவொண்ணாதபடி சுடும். வசதியுள்ளோர் மின்னணுப் பிரேக்கரையே கொள்ளுதல் நலம். அதன் எல்லை பூஸ்டரின் எல்லையினும் குறைந்திருத்தல் வேண்டும். இன்றேல் ஒரு பகுதியின் பிழைக்குப் பாதை முழுவதும் நின்றுவிடும்.

மாதிரிப் பாதை அமைக்கும் மாணவ நண்பர்கட்கு எமது வேண்டுகோள் ஒன்றே. மலையும் மரமும் நிலையமும் ஒட்டிய பின்னர்க் கம்பிகளைத் தொடுதல் அரிது. ஆதலின் பாதையைப் பலகையில் இட்ட அன்றே, அலங்காரத்திற்கு முன்னர், நாணயச் சோதனையைச் செய்து முடித்திடுக.