பிறந்தநாள் விருந்து: பில் யார் கையில்?

பிறந்தநாள் விருந்துக்குப் பில் யார் கொடுப்பது? இது ஒரு கட்டுரைக்கு உரிய விஷயமா என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். 2025-ஆம் ஆண்டு கோடையில் மகளையும் மருமகனையும் பார்க்க நானும் என் மனைவியும் ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகருக்குப் போய் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தோம். இந்தச் சின்னக் கேள்விக்குள் எவ்வளவு சங்கதி இருக்கிறது என்று அங்கே பார்த்தேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் ஒரு பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து இருப்பதால் என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஹோட்டலுக்குப் போவார்கள். பெரும்பாலும் இந்திய ஹோட்டல்தான். இந்திய ஹோட்டல் என்று பெயரே தவிர, பனீர், நான், மாம்பழ லஸ்ஸி என்று எல்லாம் பஞ்சாபிச் சமையல். நம் கல்யாண் ஸ்டேஷனுக்கு எதிரே கிடைப்பதைவிடக் காரம் குறைவு, விலை பல மடங்கு. உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் அந்த ஊரில் கிடையாது. தண்ணீரும் பாட்டில் கணக்கில் பில்லில் ஏறும். சாப்பாடு முடிந்ததும் பரிமாறியவர் வந்து, "ஒன்றாகவா, தனித்தனியாகவா?" என்று கேட்பார். தனித்தனி என்றால் முகம் சுளிக்காமல் அவரவர் சாப்பிட்டதைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வார். நம் பிள்ளைகளோ, பிறந்தநாள்காரரை விட்டுவிட்டு மொத்தப் பில்லையும் மற்றவர் தலைக்குச் சமமாக வகுத்துவிடுகிறார்கள். செல்போனிலேயே கணக்கும் முடிந்து, பணமும் போய்விடுகிறது.

நாங்கள் போன முதல் மாதத்தில் இப்படி ஒரு விருந்துக்கு எங்களையும் அழைத்துப் போனார்கள். கேக் வெட்டினார்கள். வெட்டிய கேக்கில் பாதியைப் பிறந்தநாள்காரர் முகத்தில் அப்பினார்கள். (இதை எவன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. அந்தக் கேக்கைச் செய்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?) தலைக்கு முப்பத்தைந்து யூரோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. எல்லோரும் நல்ல பிள்ளைகள், நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள். அவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஆனால் வழக்கமாக அந்தக் கூட்டத்தோடு இருக்கும் ஒரு பையன் அன்று வரவில்லை. அங்கே எம்.எஸ். படிக்கிறவன், திருநெல்வேலிப் பக்கம். "அவனுக்கு இப்போதெல்லாம் எப்போது பார்த்தாலும் வேலை" என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்போது மகள்தான் விஷயத்தை விளக்கினாள். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற மாணவன் விசா வாங்குவதற்கே ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டி ஒரு கணக்கில் முடக்கி வைக்கவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம். மியூனிக்கில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்தாலே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். மிச்சத்தில் சாப்பாடு, இன்ஷூரன்ஸ், போன். வாரக் கடைசியில் எங்கேயாவது வேலை செய்து கொஞ்சம் ஈடுகட்டுவான். நண்பர் வட்டத்தில் பன்னிரண்டு பேர் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு பிறந்தநாள். ஒவ்வொன்றுக்கும் முப்பத்தைந்து யூரோ அவன் எங்கே போவான்? காசில்லை என்று சொல்ல மானம் தடுக்கிறது. வேலை இருக்கிறது என்கிறான். இரண்டு மூன்று தடவை வராதவனை நாலாவது தடவை கூப்பிட மறந்துவிடுகிறார்கள். அப்பா அம்மாவை விட்டு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பையன், தமிழ் பேசக் கிடைத்த பத்துப் பேரையும் இப்படி ஒரு பில்லினால் இழக்கிறான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் நடக்கிறது.

இத்தனைக்கும் அவர்கள் குடியிருக்கும் நாட்டு வழக்கம் இதற்கு நேர்மாறானது. ஜெர்மனியில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குச் செலவு செய்யவேண்டும். ஆபீசுக்குக் கேக் கொண்டுபோவதும் அவர் பொறுப்பு. பெரும்பாலும் வீட்டிலேயே செய்த கேக், கடையில் வாங்கினாலும் தவறில்லை. டிபார்ட்மெண்டில் பொதுவான ஒரு மேஜையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். வருகிறவர்கள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு கை குலுக்கி வாழ்த்திவிட்டுப் போவார்கள். ஹோட்டலுக்கு "வாருங்கள், நான் அழைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், பணம் அவருடையது என்று அர்த்தம்.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் வேறு ஒன்று. பிறந்தநாள்காரர் தாமே கேக்கோடு வந்து நின்றுவிடுவதால், இன்று நம் நாள் யாருக்காவது நினைவிருக்குமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வெளியூரில் தனியாக இருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு என்னவென்று தெரியும்.

நமக்கும் இது புதிதில்லையே! நான் டிப்ளமா முடித்து மத்திய ரயில்வேயில் சேர்ந்து, பூசாவலிலும் இகத்புரியிலும் தண்டவாளப் பராமரிப்பில் இருந்த காலத்தில், பிறந்தநாள் என்றால் அந்த ஆள்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தரவேண்டும். பிள்ளை பிறந்தால் பேடா, பிரமோஷன் வந்தால் கொஞ்சம் பெரிய பெட்டியில் பேடா. கேங்மேன் ஒருவருக்கு விசேஷம் என்றால் ஆளுக்கு ஒரு படாடா வடாவும் ஒரு கட்டிங் சாயாவும். அதைச் சாப்பிட இன்ஜினியரும் வருவார். அவரவர் சக்திக்கு ஏற்றது, அவ்வளவுதான். நம் வீட்டுக் குழந்தைகள் பிறந்தநாளன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூலில் மிட்டாய் கொடுத்ததும் இதே கணக்கில்தான். கோயிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தாலும், அறுபதாம் கல்யாணம் நடத்தினாலும், யாருக்கு விசேஷமோ அவர் வீட்டு இலையில்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. "அங்கிள், பிறந்தநாள் அன்றைக்காவது நண்பனுக்கு நாங்கள் செலவு செய்யக்கூடாதா?" என்று ஒரு பெண் என்னிடமே கேட்டாள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அன்பு காட்ட விரும்புகிறவர் தன் பையிலிருந்து செலவு செய்யட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் பையிலிருந்தும் சமபங்கு எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். வேறு சிலர், பன்னிரண்டு பேருக்கு ஹோட்டலில் வாங்கித் தர அந்த மாணவனால் எப்படி முடியும் என்றார்கள். நியாயம்தான், முடியாது. அதனால்தான் ஹோட்டலையே அளவுகோலாக வைக்காதீர்கள் என்று சொன்னேன். கூட்டத்தில் கையிருப்புக் குறைந்தவர் யாரோ, அவர் தயங்காமல் வரக்கூடிய இடமாகப் பார்க்கவேண்டும்.

அப்படி ஓர் இடம் மியூனிக்கிலேயே இருக்கிறது. அதற்குப் பெயர் பீர்த் தோட்டம்! பெயரைக் கேட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் குடித்தது ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்தது. அந்தத் தோட்டங்களின் வரலாறு ஓர் இன்ஜினியருக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

பவேரியா மாநிலத்தில் 1539-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோடையில் பீர் காய்ச்சக்கூடாது. அடுப்பினால் தீப்பிடிக்கும் என்ற பயம். ஆகவே குளிர்காலத்திலேயே காய்ச்சி, நிலவறைகளில் பனிக்கட்டியோடு சேமித்தார்கள். அறை சூடாகாமல் இருக்க மேலே சரளைக்கல்லைப் பரப்பி, அகன்ற இலையும் ஆழம் போகாத வேரும் கொண்ட செஸ்நட் மரங்களை நட்டார்கள். வேர் ஆழமாகப் போனால் நிலவறைக் கூரைக்கு ஆபத்தல்லவா? (சரளையைப் பார்த்ததும் என் கால் தானாகவே பாலஸ்ட் சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்.) நிழல் நன்றாக இருக்கவே ஜனங்கள் அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குள் சத்திரம் நடத்தியவர்கள் வியாபாரம் போகிறதென்று முறையிட்டார்கள். 1812-இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் ஒரு சமரசத் தீர்ப்பு அளித்தார்: காய்ச்சுகிறவர்கள் தங்கள் நிலவறையில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு சாப்பாடு விற்கக்கூடாது. அப்புறம் என்ன, ஜனங்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தார்கள்.

தடை பிற்பாடு நீங்கிவிட்டது, தோட்டங்களில் இப்போது எல்லாம் கிடைக்கிறது. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. 1995-இல் அண்டை வீட்டார் போட்ட வழக்கில் ஒரு தோட்டத்தை இரவு 9.30 மணிக்கே மூடவேண்டும் என்று ஆனபோது, மியூனிக் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போயிருக்கிறார்கள். பின்னர் 1999-இல் மாநில அரசு கொண்டுவந்த விதிமுறை, மர நிழலோடு, சொந்தச் சாப்பாட்டைக் காசு கொடுக்காமல் உட்கார்ந்து சாப்பிடும் வசதியையும் இந்தத் தோட்டங்களின் இலக்கணமாக ஏற்றுக்கொண்டது. மேஜைவிரிப்புப் போட்ட பகுதியில் பரிமாறுவார்கள், அங்கே நம் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. விரிப்பில்லாத நீள மேஜைகளில் தாராளமாகப் பிரிக்கலாம். குடிப்பதை மட்டும் அங்கேயே வாங்கவேண்டும். "வெளி உணவுக்கு அனுமதி இல்லை" என்ற போர்டைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதை நம்பவே சற்று நேரம் பிடிக்கிறது.

என் மகள் பிறந்தது ஆனி உத்திரம், சிதம்பரத்தில் நடராஜருக்குத் திருமஞ்சனம் நடக்கும் நாள். 2025-இல் அது ஜூலை 2-ஆம் தேதி வந்தது. ஆங்கிலத் தேதிப்படி அவள் பிறந்தநாள் ஜூலை 9. நட்சத்திரத்தன்று என் மனைவி பால் பாயசம் வைத்து எதிர் வீட்டு அம்மாளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். காரணத்தைக் கேட்டதும் அந்த அம்மாளுக்குத் திக்கென்றது. அந்த ஊரில் பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்துவது பெரிய அபசகுனம். பாயசத்தை வாங்கிக்கொண்டார், வாழ்த்த மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் தேதி காலையில் ஒரு பூந்தொட்டியோடு வந்து வாழ்த்திவிட்டு, கிண்ணத்தையும் திருப்பிக் கொடுத்தார். சகுனம் பார்ப்பதில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை!

அன்று ஆபீசுக்கு எலுமிச்சைக் கேக்கும் ஒரு டப்பா ரவா லட்டும் போயின. விருந்தை முன்னால் வைக்கக்கூடாதாகையால், அந்த வாரம் சனிக்கிழமை ஹிர்ஷ்கார்டன் என்ற தோட்டத்தில் வைத்துக்கொண்டோம். மியூனிக்கிலேயே பெரியது, ஏறக்குறைய 8,000 பேர் உட்காரலாம். வேலிக்கு அந்தப்பக்கம் மான்கள். புறநகர் ரயில் நிறுத்தமும் அதே பெயரில் பக்கத்தில் இருக்கிறது. புளியோதரை, உருளைக்கிழங்குப் பொடிமாஸ், தயிர்சாதம், வடை எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து. வருகிறவர்கள் விருப்பமிருந்தால் ஏதாவது கொண்டுவரலாம், இல்லாவிட்டால் கையை வீசிக்கொண்டு வரலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். திருநெல்வேலிப் பையன் வந்தான். தானே கிளறிய எலுமிச்சை சாதம் கொண்டுவந்தான், கொஞ்சம் உப்புத் தூக்கல். குடிப்பதற்கு ஒன்று வாங்கிக்கொண்டதோடு அவன் செலவு முடிந்தது. ஐந்து மணிக்கு வந்தவன் கடைசியாகத்தான் கிளம்பினான். மேஜையின் மறுகோடியில் ஒரு வயதான பவேரியத் தம்பதி, வீட்டிலிருந்து கொண்டுவந்த விரிப்பைப் போட்டு, ரொட்டியும் சீஸும் சுருள் சுருளாகச் சீவிய முள்ளங்கியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முள்ளங்கி இந்தப் பக்கம் வந்தது, எங்கள் வடை அந்தப் பக்கம் போனது. பன்னிரண்டு பேருக்கு மகளுக்கான செலவு ஹோட்டல் பில்லில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இந்தப் பிரச்சனை வெளிநாட்டோடு நிற்பதில்லை. கல்யாண், டோம்பிவிலி பக்கத்தில் நாலு பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் இதே கதைதான். ஐ.டி. கம்பெனிக்காரரும் அப்ரண்டிஸும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பில்லைச் சமமாக வகுக்கிறார்கள். நாங்கள் பிரம்மச்சாரிகளாக இருந்த நாளில் பிறந்தநாள் என்றால் லோக்கல் பிடித்து மாதுங்கா போவோம். ஸ்டேஷன் பக்கத்தில் 1942-இலிருந்து நடக்கும் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் இலைச் சாப்பாடு. அழைத்தவன் கூப்பன் வாங்குவான். சம்பளத் தேதிக்கு முன்னால் பிறந்தவன் சம்பளம் வாங்கிய பிறகு அழைப்பான். ஜெர்மன்காரன்போல நாங்களும் பிற்பாடுதான் கொண்டாடியிருக்கிறோம்!

சங்கச் செயற்குழுவுக்கு என்னுடைய யோசனை இது. மழைக்காலம் நீங்கலாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத் திடலில் அவரவர் டிபனோடு கூடலாம். கட்டணமும் வேண்டாம், பெயர்ப்பதிவும் வேண்டாம். அந்த மாதம் பிறந்தநாள் உள்ளவர்கள் தங்களால் முடிந்ததை மற்றவர்களுக்குக் கொண்டுவரட்டும். முடியாதவர்கள் வந்து உட்கார்ந்தால் போதும். அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுவது நம் போன்ற ஓய்வு பெற்றவர்களின் வேலையாக இருக்கட்டும், நமக்குத்தான் நேரம் இருக்கிறது. முதல் மாதப் பாயசம் என் வீட்டுப் பொறுப்பு. பொங்கல் விழாவுக்கு வாங்கிய இருபது லிட்டர் அடுக்கு சங்க ஸ்டோர் ரூமில் சும்மாதான் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று செயலாளர் தெரிவிக்கவும்.