'இந்தியன் 2' பாட்டில் அனிருத் எங்கே?

ஓஎம்ஆர் மெட்ரோ வேலை புண்ணியத்தில், மத்திய கைலாஷில் பஸ் ஏறுபவர் பெருங்குடி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஒரு முழு ஆல்பத்தையே கேட்டு முடித்துவிடலாம். அப்படி அனிருத்தை 2012-ல் வந்த '3'-ல் இருந்து வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். 2024-ல் வந்த 'இந்தியன் 2' வரும்போது கை தானாக ஸ்கிப் பட்டனுக்குப் போகும்.

இது சும்மா ரஹ்மானோடு ஒப்பிட்டுத் திட்டுவது இல்லை. 1996 'இந்தியன்' பாடல்கள் பெரிய சுமைதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ரஹ்மான் இல்லாமலும் ஷங்கர் படத்தில் பாட்டு நின்றிருக்கிறது. 'அந்நியன்' (2005) ஹாரிஸ் ஜெயராஜ் போட்டதுதானே? பழைய பெயர், பழைய ஜாம்பவான் என்ற சிக்கலும் அனிருத்துக்குப் புதுசு கிடையாது. 1986-ல் கமலின் 'விக்ரம்' படத்துக்கு இசை இளையராஜா. அதே பெயரில் 2022-ல் படம் வந்தபோது அனிருத் மிரளவே இல்லை. தன் பாணியில் ஒரு தீம் போட்டார், தியேட்டர் அதிர்ந்தது. 'பேட்ட'யிலும் (2019) அப்படித்தான். பழைய ரஜினி மேளத்தைத் தன் பீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

'இந்தியன் 2'-வில் நடந்தது தலைகீழ். முந்தைய படத்தில் 'கப்பலேறிப் போயாச்சு' இருந்த இடத்தில் இங்கே 'பாரா'. 'டெலிபோன் மணிபோல்' இருந்த இடத்தில் 'நீலோற்பம்'. பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி தோள்பட்டை எங்கேயோ தொங்குகிறது. 'நீலோற்பம்' மோசமான மெலடி இல்லை. தனியாகக் கேட்டால் இனிக்கவும் செய்யும். ஆனால் 'நானும் ரவுடிதான்' (2015) கேட்ட காதுக்கு, இதைப் போட்டது அதே ஆள்தானா என்று சந்தேகம் வரும். '3' போட்டபோது அவருக்கு வயது 21. கொஞ்சம் கரடுமுரடு இருந்தது, ஆனால் யாருடைய பாட்டு என்று நாலு நொடியில் தெரிந்துவிடும்.

சரக்கு தீர்ந்துவிட்டது என்று மீம் போட்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அதே ஆண்டு 'வேட்டையன்' படத்துக்கு 'மனசிலாயோ' வந்தது. மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலை ஏஐ மூலம் கொண்டுவந்தும், பாட்டு முழுக்க அனிருத்தாகவே இருந்தது.