பிளேன் சொந்தமா, வாடகையா?

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் எங்கள் எதிர்வீட்டு மாமா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஞாயிற்றுக்கிழமை காலை, நான் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திண்ணைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பளபளப்பான நோட்டீஸ். காசி, கயா, பிரயாகை - ஏழு நாள், ஆகாய விமானத்தில். சாப்பாடு நம் தளிகை. தங்கும் அறை கங்கைக்கரைக்குப் பக்கத்தில். இரண்டு பேருக்கு எழுபத்திரண்டாயிரம் ரூபாய். முழுப் பணமும் வருகிற வெள்ளிக்கிழமைக்குள்.

"ஏண்டாப்பா, நீ பத்திரிகைக்காரனாச்சே. ஒரு விஷயம் சொல்லு. இவனுக்கு பிளேன் சொந்தமா, வாடகையா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒற்றை அறையும் இரண்டு நாற்காலியுமாக இருக்கிற யாத்திரை ஏஜெண்டுக்குச் சொந்த பிளேனா! ஆனால் மாமா கேட்டது அப்படியொன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. உல்லாசப் பிரயாணக் கம்பெனிகள் சொந்தமாகவே விமானக் கம்பெனிகளை வைத்து நடத்துவது ஐரோப்பாவில் வெகு நாளைய வழக்கம். ஜெர்மனியில் 'டூயி' என்று ஒரு கம்பெனி. 1923-ல் பிரஷ்ய அரசாங்கத்தின் சுரங்கக் கம்பெனியாகப் பிறந்தது. நிலக்கரியும் உருக்குமாக இருந்த மனிதர்கள் 1990-களின் கடைசியில் மனம் மாறி, சுரங்கத்தைக் கைவிட்டுக் கடற்கரையைப் பிடித்துக்கொண்டார்கள். 2002-ல் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டன், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்வீடன் என்று நாட்டுக்கு ஒன்றாக விமானக் கம்பெனிகள். எல்லாமாகச் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள். ஹோட்டலும் அவர்களுடையது, கப்பலும் அவர்களுடையது.

"அப்படியானால் லாபம் கொழிக்குமே!" என்றார் மாமா.

கொழிக்கும், ஒரு நிபந்தனையின் பேரில். நம் ஊர் ஒன்றாம் நம்பர் பஸ் இருக்கிறதல்லவா? ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது போய்த்தான் ஆகவேண்டும். அது சாதாரண விமானக் கம்பெனி மாதிரி. கல்யாணத்துக்குப் பேசுகிற பஸ் வேறு ஜாதி. எத்தனை பேர், என்றைக்கு, எங்கே என்பதெல்லாம் முன்னாலேயே தீர்மானம். ஒரு ஸீட் காலியில்லாமல் போகும். ஆகவே தலைக்கு ஆகிற செலவு குறைவு. உல்லாச விமானத்தின் ரகசியம் இதுதான்.

ஆனால் கல்யாண பஸ் ஆட்களை இறக்கிவிட்டுச் சும்மா திரும்பினால் நஷ்டம். அதற்கும் ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை இருநூறு பேரைக் கொண்டுபோய் இறக்கும் விமானம், போன சனிக்கிழமை வந்து வெயிலில் கறுத்துப்போன இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பும். ஸீஸன் முழுவதும் இப்படியே ராட்டினம் சுற்றும். முதல் வாரம் திரும்புகிறபோதும், கடைசி வாரம் போகிறபோதும் மட்டுந்தான் விமானம் வெறுமையாக இருக்கும்.

மாமாவுக்குக் கணக்கு பிடித்துவிட்டது. "இருபது வாரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நடைதான் காலி. பலே!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. பிளேன் சொந்தமாக இருந்தால் பணத்தை நம்பிக் கொடுக்கலாம் இல்லையா?"

இங்கேதான் நான் தாமஸ் குக்கின் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

தாமஸ் குக் மதுவிலக்குப் பிரசாரகர். 1841-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி, லெஸ்டர் என்ற ஊரிலிருந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டத்திற்காகத் தனி ரயில் பேசி, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சுமார் ஐந்நூறு பேரை அழைத்துப் போனார். அதுதான் ஆரம்பம். (அதே கம்பெனி பிற்காலத்தில் ஸ்பெயின் கடற்கரைகளுக்கு அழைத்துப்போன ஜனங்களில் பாதிப் பேர் எதற்காகப் போனார்கள் என்பது தெரிந்தால், பாவம், மனிதர் ரயிலே பேசியிருக்கமாட்டார்!) காலக்கிரமத்தில் பிரிட்டன், ஸ்காண்டிநேவியா, ஸ்பெயின் என்று விமானக் கம்பெனிகளும், ஜெர்மனியில் 'காண்டார்' என்ற பிரபல விமானக் கம்பெனியும் அதன் கைக்கு வந்தன. சுமார் நூறு விமானங்கள். குளிர்காலத்தில் இங்கிலாந்திலிருந்து நம் கோவாவுக்கு நேராக வந்து இறங்கிக்கொண்டிருந்ததும் அவர்களுடைய விமானந்தான்.

2019-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி விடியற்காலை அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டது. 178 வருஷத்துக் கம்பெனி! கழுத்து மட்டும் கடன். மேலும் 20 கோடி பவுன் கொண்டுவா என்று பாங்குக்காரர்கள் கேட்டார்கள், அது கிடைக்கவில்லை.

"பிளேன்கள்?"

எந்த விமான நிலையத்தில் நின்றதோ அங்கேயே நின்றுவிட்டன. இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் ஒன்றரை லட்சம் பேர் வெளிநாடுகளில் அகப்பட்டுக்கொண்டார்கள். இரண்டு நாளைக்கு முன்பே துனிஷியாவில் ஒரு ஹோட்டலில் வேடிக்கை - இல்லை, வேடிக்கை என்று சொல்லக்கூடாது - நடந்தது. ஊருக்குத் திரும்பப் புறப்பட்ட பிரயாணிகளைக் கேட்டைப் பூட்டி நிறுத்தி, "உங்கள் கம்பெனி எங்களுக்குத் தரவேண்டிய பாக்கியை நீங்கள் கட்டிவிட்டுப் போங்கள்" என்றார்களாம். அந்த ஜனங்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே முழுப் பணமும் கட்டியவர்கள்!

விஷயத்தின் முடிச்சு இதுதான். நாம் இன்றைக்கே கட்டிவிடுகிறோம். ஹோட்டல்காரனுக்கு அந்தப் பணம் நாம் தங்கிவிட்டு வந்த பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துப் போகிறது. நடுவில் அது கம்பெனியின் கையில் விளையாடுகிறது. நிஜத்தில் அது நமக்கு அவர்கள் பட்ட கடன். கணக்குப் புத்தகத்தில் மட்டும் ரொக்கமாகத் தெரியும்.

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஒன்றரை லட்சம் பேர் எப்படி வந்து சேர்ந்தா?" என்றார்.

பிரிட்டிஷ் அரசாங்கம் உலகெங்கும் விமானங்களை வாடகைக்குப் பிடித்தது. இரண்டு வாரத்தில் எழுநூற்றுக்கு மேற்பட்ட நடைகள். பெரும்பாலும் எல்லாரும் குறித்த தேதியிலேயே வீடு வந்து சேர்ந்தார்கள். அதற்கும் ஒரு பூர்வகதை உண்டு. 1974-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 'கோர்ட் லைன்' என்ற கம்பெனி, ரோஜா நிறமும் ஆரஞ்சு நிறமுமாக விமானங்களுக்கு வர்ணம் பூசி ஜோராகப் பறந்துகொண்டிருந்தது, திடீரென்று முழுகிப் பல்லாயிரம் பேரை நடுவழியில் விட்டது. பட்ட பிறகு புத்தி வந்தது. பயணக் கம்பெனிகள் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டவேண்டும் என்று ஏற்பாடு வந்தது. இப்போது அது தலைக்கு இரண்டரை பவுன். 2019-ல் காப்பாற்றியதில் அந்த நிதிக்குப் பெரும் பங்கு.

காண்டாரும் தப்பித்துக்கொண்டது. ஜெர்மானிய அரசாங்கம் 38 கோடி யூரோ கடனுக்கு ஜாமீன் நின்றது. தாய் போனாலும் பிள்ளை பறந்தது. நம் நாட்டிலுள்ள தாமஸ் குக் கம்பெனியை 2012-லேயே கனடாக்காரர்கள் வாங்கிவிட்டபடியால் அதற்கு ஆபத்தில்லை. ஆனால் பெயர் ஒன்றாயிருந்த தோஷத்துக்காக, "அவர்கள் வேறு, நாங்கள் வேறு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நம்மூரில் அந்த இரண்டரை பவுன் மாதிரி ஏதாவது உண்டோ?"

இல்லை, மாமா. ஏமாந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம், வருஷக்கணக்கில் நடக்கலாம். எங்கள் அம்மாவே சில வருஷத்துக்கு முன் பத்ரிநாத் யாத்திரைக்குப் பணம் கட்டினாள். கட்டிய ஏஜெண்ட் ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். அம்மா இன்னமும் அந்த ரசீதைப் பீரோவில் வைத்திருக்கிறாள்.

நியாயமாகவும் ஒன்று சொல்லவேண்டும். பெரிதாக, முழுசாக எடுத்து நடத்துகிற ஏற்பாடு நம்மிடமும் வந்துகொண்டிருக்கிறது. 2022-ம் வருஷம் ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்கு, ஒரு தனியார் கம்பெனி ரயில்வேயிடம் முழு ரயிலையே வாடகைக்கு எடுத்து விட்டதே, அது தாமஸ் குக்கின் லஃப்பரோ ரயிலுக்குப் பேரன் முறை. திருச்சி விமான நிலையத்துக்கும் 2024-ல் கோபுர ஜாடையில் புதுக் கட்டிடம் வந்துவிட்டது. அங்கே ஏறி இறங்குகிறவர்களில் முக்கால்வாசி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் பிழைப்பவர்கள், அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள். அரங்கனைச் சேவிக்க ஒரு விமானம் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி, போன வாரத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற காலம் வந்தால், வடக்கு உத்திர வீதியில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையும் லாட்ஜ் ஆகிவிடும். நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மாமிக்கு மட்டும் கெட்டது என்பதில் சந்தேகமே இல்லை. கோலம் போட இடமிராது.

கடைசியில் மாமா என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? திங்கட்கிழமை ஏஜெண்டிடம் போய், கணக்குப் பரீட்சை விடைத்தாள் திருத்துகிற தோரணையில் உட்கார்ந்திருக்கிறார். "முதலில் விமான டிக்கெட்டை எங்கள் பெயரில் எடு. டிக்கெட்டுக்கு மட்டும் இன்றைக்குப் பணம். அந்த நம்பரை வைத்து நானே விமானக் கம்பெனியில் கேட்டுக்கொள்கிறேன். அறைக்குக் காசியில் போய்த் தருகிறேன். தளிகைக்குச் சாப்பிட்ட பிறகு." ஏஜெண்ட் முதலில் முறைத்தானாம். அப்புறம் அறைக்குப் பாதி முன்பணம் என்று இறங்கி வந்தானாம். மாமா கால் பங்கில் நின்றாராம்.

சாயங்காலம் டிக்கெட் வந்துவிட்டது. திருச்சியிலிருந்து சென்னை, அங்கிருந்து காசி. மாமி அதைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டாள். மாமா அதை வெளியே எடுத்து, தன் ஜோல்னாப் பையில் வைத்துப் பூட்டினார்.