இல்லாத நாட்டின் தேசப்படம்

உள்ள நாட்டிற்குத் தேசப்படம் வரைதலே அரிய தொழில். அங்ஙனமாக, எங்கும் இல்லாத ஒரு நாட்டிற்கு ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுத் தேசப்படம் வரைகின்றார் என்று கேட்டால் நகையாதார் யாவர்? “அந்நாட்டிற்கு எந்த ரயிலில் ஏற வேண்டும்?” என்று வினவத் தோன்றும். யானும் முதலில் அங்ஙனமே நகைத்தேன். பின்னர் அத்தேசப்படத்தின் வரலாற்றை அறிந்து சிந்திக்குந்தோறும் என் நகை மெல்ல அடங்கிற்று, நாணமே எஞ்சிற்று. அது ஏன் என்பதையும், மாணாக்கராகிய நாம் அதனின்று கொள்ளத்தக்கது யாது என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெரி கிரெட்சிங்கர் என்பார் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த ஓவியர். 1963-ஆம் ஆண்டில், பொழுது போகாமையால், ஒரு தாளிலே கற்பனை நகரொன்றின் தெருக்களைக் கோடிட்டு வரையத் தொடங்கினார். நகரம் தாளின் விளிம்பை எட்டியது. எட்டியவுடன் நிறுத்தியிருப்பின் அஃது ஒரு விளையாட்டாகவே முடிந்திருக்கும். அவரோ விளிம்பின் அருகே மற்றொரு தாளை வைத்தார். தெரு அத்தாளினுட் சென்றது. அதன்பின் ஆறும் வயலும் இருப்புப் பாதையும் ஏரியும் சிற்றூரும் வந்தன. இங்ஙனம் இருபது ஆண்டுகள் வரைந்தபின், 1983-ஆம் ஆண்டில், அவற்றையெல்லாம் கட்டிப் பரணில் வைத்துவிட்டார். பிழைப்பிற்குரிய தொழிலும் குடும்பக் கடமையும் உடையவர் வேறென் செய்வார்? மேலும் இருபது ஆண்டுகள் கழிந்தன. 2003-ஆம் ஆண்டில் அவர் மகனார் பரணிலிருந்த அக்கட்டைக் கண்டெடுத்தார். தந்தையார் மீண்டும் எழுதுகோலை எடுத்தார். ஒவ்வொரு தாளும் 8 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உடையது; அத்தகைய தாள்கள் இன்று 3,000-க்கு மேற்பட்டுள்ளன. கணக்கிட்டுப் பார்த்தால் அவற்றைப் பரப்புதற்கு 1,600 சதுர அடிக்கு மேல் இடம் வேண்டும். நடுத்தரமான வீடொன்றின் தரை முழுதும் அதற்குப் போதாது.

ஆயினும், அதன் பெருமை அளவில் இல்லை. வரையும் முறையிலேயே உளது. அவர் தாம் விரும்பியவாறு வரைவதில்லை. தம் கையாலேயே செய்துகொண்ட சீட்டுக்கட்டு ஒன்றை வைத்துள்ளார். சீட்டு என்றவுடன் நம் விடுதிக் காப்பாளர் புருவம் நெரிப்பார். எனினும், இது பணம் வைத்து ஆடும் சீட்டன்று. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கட்டளை எழுதப்பட்டுள்ளது. அன்றைய சீட்டை எடுத்தபின்னரே அன்றைய வேலை யாதென்பது அவருக்குத் தெரியும். ஒரு சீட்டு, புதிய வெற்றுத்தாளைச் சேர்க்கச் சொல்லும். ஒன்று, வண்ணந் தீட்டச் சொல்லும். ஒன்று, வேறு தாட்டுண்டுகளை வெட்டி ஒட்டச் சொல்லும். மற்றொன்று, முன்னைய தாளை விலக்கி, அதற்குப் படியெடுத்து, அப்படியின்மேல் மாற்றஞ் செய்யச் சொல்லும். விலக்கப்பட்ட தாள் கிழித்தெறியப்படுவதில்லை. பழைய பதிவாகப் பாதுகாக்கப்படுகின்றது. ஆகவே ஓர் ஊர் எவ்வாறு இருந்தது, பின் எவ்வாறு மாறிற்று என்பதைத் தாளடுக்கிலே காணலாம். ஊர்களுக்குப் பெயர்கள் உண்டு. மக்கள் தொகைக் கணக்கும் உண்டு.

கட்டளைகளுள் ஒன்று அச்சந் தருவது. அச்சீட்டு வருமாயின், தேசப்படத்தின் ஒரு பகுதி வெண்மையான பாழினால் விழுங்கப்படும். அங்கே பல்லாண்டு உழைத்து வரைந்த நகரிருப்பினும், வரைந்தவருக்கு மிக உவந்த தெருவிருப்பினும் அது மறையவேண்டியதே. அப்பாழ் மேலும் பரவாதவாறு அந்நாட்டு மக்கள் மதில் எழுப்புகின்றனர் என்பதும் அவர்தம் கற்பனையுள் அடங்கும். படைத்தவரே அம்மதிலை வரைகின்றார். அதனைக் கடந்து பாழ் செல்ல வேண்டுமென்று சீட்டு உரைப்பின், அவரே அதனையும் அழிக்கின்றார்.

தமிழ் பயிலும் மாணவன் இதனைப் பார்க்குங்கால், நம் பெருங்காப்பியங்களின் தொடக்கம் நினைவிற்கு வருதல் இயல்பே. நம் புலவர்கள் தலைவனைக் கொணர்வதன்முன் நாட்டுப்படலமும் நகரப்படலமும் பாடினர். மழை பெய்து, ஆறு பெருகி, வயல் விளைந்து, மதிலும் மாடமும் எழுந்தபின்னரே கதை பிறக்கும். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயா நாட்டைப் பாடியபோதும் இம்மரபைக் கைவிட்டாரல்லர். சூசையப்பரைக் காட்டுமுன் அவர்தம் நாட்டையும் நகரையும் நம் மருதநிலத்து வளம் தோன்றப் பாடினார். மேலைநாட்டிலும் இடம் முந்திக் கதை பிந்திய செய்தி உண்டு. ஸ்டீவன்சன் 1881-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாட்களில் ஒரு தீவின் படத்தை வரைந்தார். அப்படத்தினின்றே புதையல் தீவு என்னும் கதை பிறந்தது. கிரெட்சிங்கரின் படமோ தலைவன் வாராத காப்பியம். நாட்டுப்படலமும் நகரப்படலமுமே முடிவின்றி நீள்கின்றன. அங்கே வாழும் மக்களின் தொகை தெரியும், முகம் தெரியாது. அம்முகங்களை அமைத்துக்கொள்ளும் உரிமை காண்பவருக்கே விடப்பட்டுள்ளது.

இனி, இம்முயற்சிக்கு எதிராகக் கூறத்தக்கவற்றை ஆராய்வோம். மறுப்பவர் மூவகையினர்.

முதல்வர், “இதனாற் பயன் என்னை?” என்பர். இக்கேள்வி தமிழ் ஆனர்ஸ் வகுப்பினருக்குப் புதிதன்று. விடுமுறைக்கு ஊர் செல்லுந்தோறும் உறவினர் பலர் எம்மை வினவுவது இதுவே! பயன் என்பதனை ஊதியம் என்று கொள்வாருக்கு விடையில்லை. ஆனால் ஒரு பொருளை நாடோறும் கூர்ந்து நோக்கி, சென்ற ஆண்டு வரைந்த ஆற்றோடு இவ்வாண்டு வரையும் கரை பொருந்துமாறு பிழையறச் செய்யும் பழக்கம் அறிவிற்கு உரமல்லவா? அப்படத்தை யாரும் பணம் கொடுத்து வரையச் சொல்லவில்லை; மதிப்பெண் இடுவாரும் இல்லை. யாரும் காணாத இடத்தும் பணியிற் குறைவைக்காமை ஒழுக்கத்தின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

இரண்டாமவர், “இஃது உலகைவிட்டு ஓடும் கோழைமை, உள்ள ஊரில் நோயும் வறுமையும் இருக்க, இல்லாத ஊருக்குத் தெரு அமைப்பதா?” என்பர். இது வலிய மறுப்பு, எளிதில் தள்ளத்தக்கதன்று. இங்கிலாந்தில் ஹாவொர்த் என்னும் ஊரின் குருவாகிய பாட்ரிக் பிராண்டி, 1826-ஆம் ஆண்டில் தம் மகன் பிரான்வெலுக்கு மரத்தாலான பொம்மைப் போர்வீரர்களை வாங்கி வந்தார். அவற்றைக் கொண்டு அவர் மக்கள் நால்வரும் கற்பனை நாடுகளைப் படைத்தனர். பிரான்வெல் அவற்றிற்குத் தேசப்படமும் வரைந்தான். அவ்விளையாட்டு இளமையோடு நிற்கவில்லை; வளர்ந்தபின்னும் அக்கனவுநாடுகள் அவர்களைப் பற்றியிருந்தன. மூத்தவராகிய சார்லட், தம் இருபதாண்டுப் பருவத்தின் தொடக்கத்திலே அந்நாட்டினின்று விடைபெறுதல் வேண்டுமென்று உணர்ந்து எழுதினார். அவர் 1847-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜேன் ஐர் என்னும் நாவல் இன்றும் நிலவுகின்றது. பிரான்வெலோ மதுவிற்கும் அபினிக்கும் ஆட்பட்டு, 1848-ஆம் ஆண்டில், 31-ஆம் வயதில் மாண்டான். அவன் வீழ்ச்சிக்குக் கற்பனை நாடே காரணம் என்று யான் கூறேன். ஆயினும், நாம் எண்ணியதெல்லாம் எண்ணியவாறே நடக்கும் நாடு ஒன்றை நெஞ்சில் வைத்திருப்பார்க்கு, எண்ணியது நடவாத இவ்வுலகம் கசக்கும் என்பதை மறுக்க ஒண்ணாது.

இதற்கு என் வாழ்விலும் ஒரு சிறு சான்று உண்டு. பன்னிரண்டாம் வயதில் என் கணக்கு நோட்டின் பின்தாள்களில் ஒரு தீவை வரைந்தேன். அதில் மாமரம் எப்போதும் காய்த்திருந்தது. பள்ளி இருந்தது, பரீட்சை இல்லை. கடல் இருந்தது, புயல் இல்லை. அரசன் யார் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஒரு திங்களுக்குள் அத்தீவு எனக்கே சலித்துவிட்டது. ஏன் சலித்தது என்பது அப்போது விளங்கவில்லை. கிரெட்சிங்கரின் சீட்டுக்கட்டை அறிந்தபின்னரே விளங்கிற்று. என் தீவில் என் விருப்பத்தை எதிர்ப்பது ஒன்றுமில்லை; ஆகவே அங்கே யான் கற்றுக்கொள்வதற்கும் ஒன்றுமில்லை. கண்ணாடியை எத்துணை நேரம் பார்ப்பது?

மூன்றாமவர் நம் சபையைச் சார்ந்த பெரியோர். “உலகைப் படைத்தல் கர்த்தரின் செயல். மனிதன் தனக்கென ஓர் உலகம் படைப்பது அகந்தையன்றோ?” என்பர். இவர்தம் அச்சத்தை யான் மதிக்கின்றேன். ஆயினும், ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தியுடையவரும் கற்பனை உலகொன்றைத் தேசப்படத்தோடு படைத்தவருமாகிய டால்கீன், 1939-ஆம் ஆண்டில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் இதற்கு விடை கூறியுள்ளார். படைப்பவரின் சாயலாக நாம் படைக்கப்பட்டமையாலேயே நாமும் படைக்க விழைகின்றோம் என்பது அவர் கருத்தின் சாரம். கடவுளின் உரிமையைப் பறித்தல் வேறு. கடவுள் தந்த ஆற்றலை அவர்முன் பயன்படுத்துதல் வேறு. அகந்தையின் அடையாளம் யாது? தன் விருப்பமே சட்டமென்று நிற்றல். கிரெட்சிங்கரோ தம் நாட்டில் தம் விருப்பத்தையே கீழ்ப்படுத்துகின்றார். சீட்டு அழி என்றால் அழிக்கின்றார். அப்போஸ்தலர்களும் மத்தியாவைத் தெரிந்துகொண்டது ஜெபித்துச் சீட்டுப் போட்டன்றோ? அதனையும் இதனையும் ஒன்றென்று யான் சொல்லவில்லை. அங்கே தேவசித்தம் வேண்டப்பட்டது. இங்கே ஓவியர் தமக்குத் தாமே இட்ட விதி உளது. எனினும் தன் கைக்கு எட்டாத ஒன்றன் முன் தன் விருப்பத்தைத் தாழ்த்தும் பணிவு இரண்டிற்கும் பொது.

ஆகவே என் முடிபு இது. கற்பனை உலகம் நன்றா தீதா என்று பொதுவாக வினவுதல் பொருந்தாது. அவ்வுலகில் படைத்தவரையும் கட்டுப்படுத்தும் விதி உண்டா என்றே வினவுதல் வேண்டும். விதியில்லாத கற்பனை போதை. விதியுடைய கற்பனை பயிற்சி. ஆற்றுவதற்கும் இழப்பதற்கும் இழந்தபின் தொடர்வதற்கும் உரிய பயிற்சி. நம் செய்யுளிலக்கணமும் இத்தகையதே. எதுகையும் தளையும் புலவனின் கையைக் கட்டுகின்றன என்பார் உளர். அவை கட்டியமையாலன்றோ, புலவன் தான் எண்ணியிராத சொல்லைத் தேடிச்சென்று, எண்ணியிராத பொருளைக் கண்டெடுத்தான்? வெண்பா ஒன்றைத் தளை தட்டாது முடிக்க முயன்று, உவந்து எழுதிய சீரை அடித்துவிட்டவர்க்கு அந்த வெண்பாழின் பொருள் ஒருவாறு விளங்கும்.

இதனை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் விடுதியறைகளில் தகரப்பெட்டிகளின் அடியில் நோட்டுகள் பல கிடக்கின்றன. சிலவற்றில் முடியாத கதை. சிலவற்றில் பாதி வரைந்த படம். சிலவற்றில் மூன்றடியில் நின்றுபோன வெண்பா. பரீட்சை நெருங்குங்கால், “இனி இவையெல்லாம் சிறுபிள்ளைத்தனம்” என்று அவற்றைக் கிழித்தெறிய நம்முட் பலர் துணிகின்றனர். பரீட்சைக்குப் படிக்க வேண்டுவது உண்மையே. நம்மைப் படிக்க அனுப்பியவர்கள் வயலை அடகுவைத்தும் நகையை விற்றும் அனுப்பியிருக்கின்றனர். அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை முதலாவது. அதனை விட்டுக் கனவில் திரிக என்று யான் எவரையும் தூண்டேன். கிரெட்சிங்கரும் இருபது ஆண்டுகள் தம் படத்தைக் கட்டிவைத்தாரே. ஆனால் அவர் கட்டிவைத்தார், எரிக்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமையே என்னை இத்துணை எழுதத் தூண்டியது.

கல்லூரியை விட்டுச்சென்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஊழியத்திலும் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்களும் இம்மலரைப் படிப்பார்கள். அவர்களிடத்து ஒரு விண்ணப்பம். தங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருத்தல் கூடும். அதனைத் தங்கள் மக்கள் கண்டெடுக்கும்வரை காத்திராமல், ஓர் ஓய்வுநாள் மாலையில் தாங்களே ஏணியிட்டு ஏறிப் பாருங்கள். தூசியைத் தட்டி முதல் தாளை விரியுங்கள். தெரு எந்த விளிம்பில் நின்றதோ, அங்கே ஒரு வெற்றுத்தாளை வையுங்கள்.